சொல்லுக்கு இவ்வளவு

இருபது சொல் வரை ஒரு விலை.
அதற்கு மேல் சொல்லுக்கு இவ்வளவு.
படம் என்றால் தனி.
பதினொரு வருடமாக, ஆமர் வீதிப் பக்கம்,
கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால்
மரண அறிவித்தல் எடுப்பது என் வேலை.

யாருக்கு எந்தச் சொல் என்று கையே அறியும்:
சிவபதம். இறைபதம்.
கர்த்தருக்குள் நித்திரை.
வபாத்.
ஒன்றும் வேண்டாம் என்பவருக்குக் காலமானார்.
கேட்கத் தேவையில்லை, பெயரைப் பார்த்தால் போதும்.
அப்படித்தான் இருந்தேன், அந்த ஞாயிறு வரை.

செவ்வாய்க்கிழமை வரிசை படிக்கட்டில் இறங்கி
வீதிக்குப் போயிருந்தது.
வாசலில் பையைத் திறந்து காட்டியவர்கள்
மூட மறந்து அப்படியே நின்றார்கள்.

கொரேரா என்று ஒருவர்.
ஒரு காதில் பஞ்சு.
மகள் ஷெரோமி, ஒன்பது வயது.
பழக்கத்தில் எழுதிவிட்டேன்: அகால மரணம்.
விரலை வைத்து மறித்தார்.
"காலம் தெரியும் மிஸ். எட்டு நாற்பத்தஞ்சு."
நித்திரை என்று போடவா?
"அவ நித்திரை கொண்டா
போர்வையை உதைச்சித் தள்ளுவா. இது அது இல்ல."
இறைபதம்?
கொஞ்சம் யோசித்தார்.
"பூசைக்குள்ளதானே இருந்தா.
இன்னும் எங்க போய் அடையிற?"

பெயர், வயது, பிறகு ஒரு வெள்ளை.
அப்படியே அச்சுக்கு அனுப்பினேன்.
பிழையோ என்று மேலிருந்து போன் வந்தது.
பிழை இல்லை என்றேன்.

பக்கத்து மேசை நஸ்மியா
அதற்குப் பிறகு இன்ஷா அல்லாஹ் சொல்லவில்லை.
நாளைக்கு வருவியா என்றால், "வருவேன்."
மொட்டையாக, அவ்வளவுதான்.
பஸ்ஸில் உம்மா எடுத்தால்
சலாம் இல்லை, வெறும் "ம்."
நாளையைப் பற்றி இத்தனை நிச்சயமாக
அவள் பேசி நான் கேட்டதில்லை.
பயமாக இருந்தது.
தும்மினால் தானே வருகிற என் முருகாவும்
தொண்டையில் நின்று
இரண்டு பக்கமும் பார்த்துவிட்டே வெளியே வந்தது.

முப்பத்தோராம் நாளுக்குக் கொரேரா திரும்ப வந்தார்.
நன்றி நவிலல்.
ஃபாதர், கன்னியர் மடம், வார்டு தாதிமார்,
இரவிரவாகப் பாண் கொண்டுவந்த பக்கத்து லேன் பெடியன்மார்,
பெட்டிக்குப் பாதிக் காசு எடுத்த முதலாளி.
எண்ணினேன். நாற்பத்து மூன்று.

"இன்னும் ஒராள் மிஸ். பேர் தெரியாது.
பிள்ளை மடியில. அவர்ட முகத்தைப் பார்க்கல்ல.
ஆஸ்பத்திரி வரைக்கும் ஹோர்ன்ல இருந்து கை எடுக்கல்ல.
இறக்கிட்டுத் திரும்பேக்க பின்கண்ணாடியில இது இருந்திச்சி."
படிவத்தின் முதுகில் வரைந்தார்:
ஒரு வளைவு, ஒரு நீட்டு, மேலே மூன்று புள்ளி.
நஸ்மியா எழுந்து வந்தாள்,
தாளைத் தன் பக்கம் திருப்பினாள்.
"மாஷா அல்லாஹ்," என்றாள்,
வாய்விட்டு.

மாஷா அல்லாஹ் ஆட்டோக்காரருக்கு
என்று அவரே சொல்லி எழுதுவித்தார்.
இதால அவருக்கு ஏதும் கரைச்சல் வருமா என்று கேட்டார்.
வெட்டினார். திரும்ப எழுதினார்.
"நாற்பத்தாறு," என்றேன்.
என் வாய்க்கு அதுதான் தெரியும்.

ஐந்தரைக்கு இறங்கினேன். மழைக்கு இன்னும் மனமில்லை.
ஸ்டாண்டில் நின்ற ஆட்டோக்களின் முதுகையெல்லாம் பார்த்தேன்:
அந்தோனியார், புத்தர், ஒரு நடிகர், "அம்மா துணை".
கடைசியில் ஒன்று, வெறுங்கண்ணாடி,
பிளேடால் சுரண்டிய கீறல்.
"எங்க மிஸ் போகணும்?"
ஸ்டிக்கர் போய்விட்டது.
பசை மட்டும் தூசி பிடித்து
இருந்தது,
வலமிருந்து இடமாக.