பெயர் நீக்கல்

"எங்க வேலைங்க?" என்றாள் பக்கத்து சீட்டுக்காரி.
செத்த செடிகளுக்குக் குடும்பம் பார்க்கிற வேலை என்றேன்.
சிரிக்கவில்லை அவள்.
அடுத்த கேள்வி மடியிலேயே இருந்தது:
"நீங்க எந்தக் கூட்டமுங்?"
லாலி ரோடு வரும்வரை
ஜன்னல் கம்பியைப் பார்த்துக்கொண்டு வந்தேன்.

இந்த மாதம் அலமாரி மாற்றம்.
எருக்கு, அரளி வீட்டுக்குப் போகிறது.
தேக்கு, அத்தனை உயரத்தோடு,
துளசி வீட்டுக்கு.
ஆமணக்கோடு இத்தனை காலம்
கூட்டுக்குடித்தனம் இருந்த நெல்லிக்குத்
தனிக்கதவு, தனிச்சாவி.
பாச்சை உருண்டை நெடியில்
கட்டுக்கட்டாய்ச் சுமப்பது நான்.

முன்பெல்லாம் இதழை எண்ணுவார்கள்,
மகரந்தத்தாளை எண்ணுவார்கள்,
சூலகம் மேலா கீழா என்று
லென்ஸுக்குள் ஒரு கண்ணை மூடிப் பார்ப்பார்கள்.
முகம் பார்த்துச் சேர்த்த சொந்தம்.
இப்போது நகக்கண் அளவு இலையை நசுக்கிக்
குழாயில் கரைத்து
நாலே எழுத்தில் எழுதிய
முடியாத கடிதத்தைப் படிக்கிறார்கள்.
அதில் வேறு கதை இருக்கிறது.

சூலூர்க் குளத்தில் ஒரே சேற்றில் நின்ற
அல்லியையும் தாமரையையும்
அக்கா தங்கை என்றுதான் இருந்தேன்.
பதிமூணு கோடி வருஷத்துக்கு முன்னால்,
பூ என்பதே புதுப்பழக்கமாய் இருந்தபோது,
முதல் கவட்டையிலேயே பிரிந்து போனவளாம் அல்லி.
தாமரைக்கு நெருங்கிய சொந்தம்
வால்பாறை டீத்தோட்டத்தில்
நிழலுக்கு நிற்கிற சில்வர் ஓக்.
"மரமா?"
"மரந்தான்" என்றார் பெனடிக்டா மேடம்,
டிபன் டப்பாவைத் திறந்தபடி.
முருங்கைக்கீரைப் பொரியல்.
"முருங்கையும் கடுகும் ஒரே வரிசை, தெரியுமில்ல?
பங்காளியப் போட்டுப் பங்காளியத் தாளிச்சிருக்கேன்,
சாப்பிடு."

காங்கயத்துக் கொறங்காட்டு வெள்வேலுக்குத்தான்
மனசு ஆறவில்லை எனக்கு.
கடல் தாண்டி ஏதோ மாநாட்டில் ஓட்டு எண்ணி
அகேசியா என்ற பெயரை
ஆஸ்திரேலிய மரங்களுக்கே விட்டுவிட்டார்கள்.
இதற்கு யாரும் தகவல் சொல்லவில்லை.
வெளுத்த பட்டையோடு நின்று
கொழுக்கட்டைப் புல்மேல் காய் உதிர்க்கிறது.
மயிலைக்காளை மென்றுகொண்டே
அடுத்த மரத்தடிக்கு நகர்கிறது.

வெள்ளி மாலை, கடைசிக் கட்டு.
பூளைப்பூ.
'13.1.1957. சென்னிமலை அடிவாரம்.
சேகரித்தவர் ந. ஆறுச்சாமி.'
கீழே பென்சிலில், கோணலாக:
'வேப்பிலை, ஆவாரையோடு
வாசலில் காப்புக் கட்டியிருந்தது.
கேட்டு வாங்கினேன்.'
மூன்று குடும்பத்தை ஒரே முடிச்சில் கட்டிய வீட்டில்
ஒன்றை மட்டும் அவிழ்த்துக் கொடுத்தவர் யாரோ.

ஏர்வா என்று முதல் சீட்டு.
பக்கத்தில், 74-இல் வேறொருவர்
வேறு மையில் 'ஆமாம், ஏர்வாதான்' என்கிறார்.
இப்போது ஊரெட்டாம்.
என் கையில் புதுச்சீட்டு.

இங்கே ஒரு விதி.
பழைய சீட்டைக் கிழிக்கக் கூடாது.
அடிக்கக் கூடாது, மறைத்து ஒட்டக் கூடாது.
தப்பாகவே இருந்தாலும் இருக்கட்டும்.
பக்கத்தில் புதுசை ஒட்டு,
தேதி போடு, கையெழுத்துப் போடு.

போன ஆடியில் தாலுகா ஆபீஸ் போயிருந்தேன்.
பெருந்துறை கார்டில் என் பெயரை நீக்கினால்தான்
தியோடர் கார்டில் ஏற்றுவார்கள்.
விண்ணப்பத்தை வாங்கித் தட்டிப் பார்த்தவர்
"உங்கப்பாரு அப்பவே எடுத்துட்டாருங்களே" என்றார்.
கல்யாணத்துக்கு மறுவாரத் தேதி.
"உங்களுக்கு அலைச்சல் மிச்சமுங்."

சீட்டின் பின்னால் பசை தடவினேன்.
இடம் குறைவு, ஆறுச்சாமியின் பென்சில் வரியில்
படாமல் ஒட்ட வேண்டும்.
அறுபது வருஷத்துக்கு மேலாகியும்
பூளை பஞ்சு விடுகிறது,
விரலில், மேஜையில், ரெஜிஸ்டரில்.

மேலே இரும்புக்கட்டியை வைத்தேன்.
திங்கட்கிழமை காய்ந்திருக்கும்.