எந்த லைன்?

கொளப்பள்ளி துணைமின் நிலையத்தில்
ஆடி மழைக்கு ராத்திரி டூட்டி.
போனை எடுத்தால் எல்லோருக்கும் ஒரே புகார்:
"லைன் இல்ல சார்."
எந்த லைன் என்பேன்.
அதற்குள் லைன் கட்டாகிவிடும்.

ஒரே சொல்தான்.
வெள்ளைக்காரன் தேயிலையோடு நட்டுவிட்டுப் போனது.
கவாத்து வெட்டாத செடி மரமாகிப்போவதுபோல
கண்ட பக்கமெல்லாம் கிளைவிட்டிருக்கிறது.
கம்பத்துக்கும் கம்பத்துக்கும் நடுவே தொங்கினால் லைன்.
பத்து வீட்டை ஒரே தகரத்தின் கீழ் கோத்துவைத்தால் லைன்.
ரேஷன் கடை வாசலில் குடையோடு நின்றால் லைன்.
கூடலூர் முதல் பஸ்ஸின் டிரைவர்
இருபது வருசமா இதே லைன் என்கிறார்;
அவர் சொல்வது சாலையையா பிழைப்பையா
என்று கண்டக்டருக்கே தெரியாது.
நல்லவேளை, இலை எடுக்கிற இடத்தில் மட்டும்
அதற்குப் பெயர் நிரை.

சிலோனிலிருந்து வந்தவர்கள் லயம் என்பார்கள்.
முதலில் எனக்குச் சிரிப்பு.
பிறகொரு நாள் நாலாம் நம்பர் லயத்துக்கு
மீட்டர் பார்க்கப் போனேன்.
பத்துக் கதவு, பத்து அடுப்பு.
முதல் வீட்டில் யாரோ இருமினால்
கடைசி வீட்டுத் தொட்டிலில் குழந்தை புரள்கிறது.
லயம்தான்.

பதிவேட்டைத் தமிழில் எழுதச் சொல்லி
மேலிடத்து உத்தரவு வந்தது.
கோடு என்று எழுதினால் கை ஸ்கேலைத் தேடுகிறது.
அகராதி பார்த்தேன்: கோடு என்றால் மலையுச்சி,
கோடு என்றால் யானைக் கொம்பு.
இரண்டுக்கும் நடுவில்தான் என் ஆபீஸ்.
வரி என்றால் பஞ்சாயத்து நோட்டீஸ்.
நாலாம் நம்பர் கம்பி நீட்டிவிட்டது என்று எழுதினால்
லைன்மேன் கோபித்துக்கொள்வார்.
அடித்துவிட்டு லைன் என்றே எழுதினேன்.

அன்று மூன்று நாற்பதுக்கு
ஒரு சில்வர் ஓக் சாய்ந்து கம்பி அறுந்தது.
ஃபீடரை நிறுத்தி, சீட்டு எழுதிக்கொடுத்து,
மருதவீரனை அனுப்பினேன்.
அவர் செல்லுக்கு அங்கே டவர் கிடையாது.
கீழே டார்ச் பிடித்துக்கொண்டிருந்தது
லயத்து அங்காயி.
வேலை முடிந்ததும் அவள் போனில் சொல்வதாக ஏற்பாடு.
ரூல்படி அது தப்பு.
என்ன சொல்லணும் சார் என்று கேட்டதற்கு
"லைன் கிளியர்னு சொல்லு" என்றேன்.
வேறு சொல் வாயில் வரவில்லை.

நாலே காலுக்கு மணி அடித்தது.
கரகரப்பு. ஹலோ. கரகரப்பு. ஹலோ ஹலோ.
"ஆங், இப்ப லைன் கிளியர் சார்."
என் கை கைப்பிடி மேல் இருந்தது.
ராத்திரி முழுக்கக் கேட்டுப் பழகிய வாய்
அதுவாகக் கேட்டது:
எந்த லைன்?

மழை.
தகரத்தின் மேல் மழை.
"போன் லைன் சார். அவரு இன்னும் மேலதான் நிக்கிறாரு.
பிளையர் கீழ விழுந்திருச்சு,
புல்லுக்குள்ள தேடிக்கிட்டிருக்கேன்."

கையை எடுத்தேன்.
எடுத்த கையை எங்கே வைப்பதென்று தெரியவில்லை.
மேசை மேல் வைத்தேன். பிறகு மடியில்.
அவரையே வரச் சொல்லு, சீட்டோடு, என்றேன்.

ஐந்தரைக்குச் சொட்டச் சொட்ட வந்தார்,
ஓடை சுற்றி இரண்டு மைல்.
"ஒரு வார்த்தை போன்ல சொன்னாப் பத்தாதா?"
பத்தாது என்றேன்.
காரணம் சொல்லவில்லை, இன்றுவரை.

கையெழுத்தைப் பார்த்தபின் கைப்பிடியைத் தள்ளினேன்.
எதிர் மேட்டில்
பத்து ஜன்னலும் ஒரே மூச்சில் மஞ்சளாயின.
ஃபிளாஸ்க்கிலிருந்து டீ ஊற்றிக் கொடுத்தேன்.
டம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு
அந்த ஜன்னல்களையே பார்த்தார்.
அவர் சம்சாரத்துக்குப் பிறந்த வீடு அங்கேதான்,
வலமிருந்து மூன்றாவது.

"அந்த நாலாம் நம்பர்ல
முதமுதல்ல லைன் போட்டதே நான்தான் சார்."

கன்னத்தில் லேசாகக் குழி விழுந்தது.
நான் டீயை ஊதிக் குடித்தேன்.
எந்த லைன் என்று
கேட்கவில்லை.