வெட்டிப் பார்க்க ஒரு கிழங்கு

மேசைமேல் ஐந்து பொட்டலம்.
யீஷூன் கடைக்காரர் ரசீதில்
ஐந்தையும் ஒரே சொல்லில் முடித்திருந்தார்:
கிழங்கு விதை.

மருத்துவமனைத் தாள் பக்கத்தில் இருந்தது.
மின்விசிறிக் காற்றில் பறக்காமலிருக்க
அதன்மேல் குழம்புக் கரண்டியை வைத்திருந்தாய்.
பீட்ரூட் என்ற சொல்லின் குறுக்கே
தாதி ரோஹாயா இழுத்த கோடு
பீட்ரூட் நிறத்திலேயே இருந்தது.

மஞ்சளில் குறைவாக இருக்குமோ என்றேன்.
பொட்டாசியத்துக்கு நிறம் தெரியுமா என்றாய்.
ஆனாலும் பொட்டலங்களை விடவில்லை.
கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு
ஒவ்வொன்றின் முதுகையும் படித்தாய்.

நீளமாய் இறங்கும் உருளை வகை:
நம் தொட்டியோ ஒரு சாண் ஆழம்,
காலை எங்கே நீட்டும் அது?
கீரைக்கென்றே வளர்ப்பது, கருஞ்சிவப்பு,
பெயர் காளை ரத்தம்.
அதை மேசையின் ஓரம்வரை தள்ளிவிட்டாய்.
"செவ்வாய், வியாழன், சனி
நாலு மணி நேரம் குழாயில் பாக்குறது போதும்."

சாதாரண உருண்டை,
எந்த மண்ணிலும் வரும் என்று போட்டிருந்தது.
நான் எடுத்தது அதைத்தான்.
சந்தையில் கத்தரிக்காயும் இப்படித்தான் எடுப்பேன்,
எதைச் சமைத்தாலும் வீணாகாதது எதுவோ அதை.

கடைசிப் பொட்டலம் உன் கையிலேயே நின்றது.
வெளியே ஒன்றுமில்லை. வெட்டினால்
வெள்ளையும் ரோஸுமாய் வளையத்துக்குள் வளையம்,
கொசுவர்த்திச் சுருளுக்கு யாரோ
சர்க்கரை பூசியது போல.
"இதப் போடு."
சாப்பிட முடியாதே என்றேன்.
"சாப்பிடவா கேட்டேன்? வெட்டிக் காட்டு."

பொட்டலத்தின் அடியில் எறும்பு எழுத்து:
இரவு குளிர வேண்டும்,
வெக்கையில் வளையம் மங்கும்.
நம் இரவு இருபத்தெட்டு டிகிரி.
பதினோராம் மாடி நடைவழிக்கு
வெயில் வருவது எட்டரைக்கு,
பத்தே முக்காலுக்கு எதிர் புளோக் வாங்கிக்கொள்ளும்.
நகர மன்றத்து ஆள் அளவுநாடாவோடு வந்து
தொட்டியை ஒரு கைப்பிடி அளவு
சுவர்ப்பக்கம் தள்ளச் சொன்னார்.
தள்ளினேன். எடை தூக்கக்கூடாத உன் இடக்கை
சும்மா நிற்க முடியாமல் நின்றது.

தண்ணீர் மட்டும் நீதான் ஊற்றினாய், வலக்கையால்.
உனக்கு ஒரு நாளைக்கு முக்கால் லிட்டர்,
குழம்பும் தேநீரும் அதற்குள்தான்.
செடிக்கு அப்படிக் கணக்கு ஏது?
நீ ஊற்றும்போதெல்லாம்
நான் தொட்டியைப் பார்க்கவில்லை,
உன் தொண்டையைப் பார்த்தேன்.

பீட்ரூட் விதை ஒற்றை விதை இல்லை.
முடிச்சு. ஒன்றைப் போட்டால் மூன்று முளைக்கும்,
இரண்டைக் கிள்ளாவிட்டால்
மூன்றும் நூலாய்ப் போகும்.
நீ கிள்ள விடவில்லை.
"ஒரே முடிச்சுல பொறந்தது, இருக்கட்டும்."

ஒரு சனிக்கிழமை, நிலையத்திலிருந்து வந்து
கைக்கட்டோடு நீ தூங்கிப்போன பிறகு,
நகவெட்டிக் கத்தரியோடு வெளியே போனேன்.
மறுநாள் கேட்டாய். மைனா என்றேன்.
மூன்று நாள் நீ மைனாவைத் திட்டினாய்,
பக்கத்து வீட்டு மேடம் கோவும்
ஹொக்கியனில் சேர்ந்து திட்டினார்.

எண்பத்தாறாம் நாள் பிடுங்கியது
பிங்பாங் பந்தைவிடச் சிறியது,
ஒரு பக்கம் வீங்கி, ஒரு பக்கம் ஒட்டி.
வெட்டினேன்.
வளையங்கள் இருந்தன, இல்லாமலும் இருந்தன,
நனைந்த காகிதத்தில் பேனா மை போல.
எண்ணினாய். நான்கு என்றாய்.
எனக்கு மூன்றுதான் தெரிந்தது.

பாதியை வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பிடித்து
நெடுநேரம் பார்த்தாய்.
விரல்நுனி ரோஸானது.
பிறகு என்னைப் பார்க்காமலே சொன்னாய்:
"மைனா நல்லா வேலை செஞ்சிருக்கு."

இரண்டு பாதியும் மேடம் கோவின் சூப்புக்குப் போயின.
அந்தச் சாதாரண உருண்டைப் பொட்டலம்
இன்னும் பிரிக்கப்படாமல்
பழைய பேட்டரிகளோடு இழுப்பறையில் கிடக்கிறது.