மகாடி ஏரி, ஆறாவது குப்பி

மணி ஆறரை. ஏரி அதற்குள் சூடு.
சிரோங்கா முன்னால் நடக்கிறார்,
குச்சியால் தட்டித் தட்டி.
மேல்தோடு ஒலித்தால் தாங்கும்.
முனகினால் தாங்காது.
அவர் மிதித்த இடத்தையே நானும் மிதிக்கிறேன்.
நைரோபியில் வாங்கிய பட்டம்
இங்கே என் எடையைக் குறைப்பதில்லை.

காரம் பத்தரை.
கையுறை கழற்றினால் விரல்நுனி வழுக்குகிறது:
என் தோலின் கொழுப்பே சோப்பாகிறது.
இதில் எது பிழைக்கும் என்பார்கள் ஊரில்.
ரோஸ் நிறச் சேற்றில் ஒரு கரண்டி எடுத்துக் காட்டுவேன்.

மேலே, சிவந்தவை.
வெளியே எவ்வளவு உப்போ
உள்ளேயும் அவ்வளவு வைத்துக்கொண்டு
சண்டையில்லாமல் இருப்பவை.
ஒரு விரற்கடை கீழே பச்சை.
அதற்கும் கீழே, காற்றே ஆகாதவை,
அழுகிய முட்டை வாடையோடு, கறுப்பாக.
சிவந்ததில் ஒரு துளியை
நல்ல தண்ணீரில் விட்டுப் பாருங்கள்,
வெடித்துச் சாகும்.
நம் தாகத்துக்கு வார்ப்பது
அவற்றுக்கு வெள்ளச்சாவு.

பாதிக்குப் பெயரில்லை.
என் நோட்டில் எம் நாற்பத்தொன்று, எம் நாற்பத்திரண்டு,
‘மறுபடி பார்க்க’,
‘என்னவோ’.

போன வருஷம் கொண்டுபோனதை என்ன செய்தாய்?
உறைபெட்டியில் இருக்கிறது. மைனஸ் எண்பது.
இந்த ஊர்க்காரனையா குளிரில் போட்டாய்,
என்று சிரித்தார் சிரோங்கா.
என் சிரிப்பு கொஞ்சம் பிந்தி வந்தது.

அப்போதுதான் பார்த்தேன்,
சிவப்புப் போர்வைக்குக் கீழே ஒரு ஜீன்ஸ்.
தொடையில் பூனைமீசைக் கோடுகள்,
முழங்காலில் வானம் வெளுத்த மாதிரி.
கிசேரியன் சந்தையில், மிதும்பா மூட்டையில்,
முந்நூறு ஷில்லிங் சொல்லி
இருநூற்றெண்பதுக்குக் கொடுத்தானாம்.
‘எவனோ வெள்ளைக்காரன்
மண்டியிட்டு மண்டியிட்டு உழைத்திருக்கிறான், பாவம்.’

யாரும் மண்டியிடவில்லை, சிரோங்கா.
புதுத்துணியைப் பழசாக்க ஒரு நொதி இருக்கிறது.
பருத்தியின் நுனியை மட்டும் கொறித்து
நீலத்தை உதிர்க்கும்.
அதைப் போன்றவற்றைத் தேடி
இப்படிப்பட்ட ஏரிகளுக்கு வந்தார்கள்.
நான் பிறக்கும் முன்னால் யாரோ குனிந்து
ஒரு குப்பி நிரப்பியிருக்கலாம்,
இதே கரையில், இல்லையென்றால்
வடக்கே வேறொரு சோடா ஏரியில்.
குப்பி விமானம் ஏறியது.
சேறு எண்ணாயிற்று,
எண் காப்புரிமையாயிற்று,
காப்புரிமை ஒரு நீலக்கால்சட்டையின் முழங்காலாயிற்று,
கால்சட்டை அலுத்துப்போய் மூட்டையாயிற்று,
மூட்டை கப்பலேறி இங்கேயே.

இருக்கலாம்.
நிரூபிக்க முடியாது. நூலில் கையெழுத்தில்லை.
உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்பது சொல்.
உப்பிட்ட சேற்றை நினைக்க
எந்தக் கணக்கில் இடமிருக்கிறது?

இதெல்லாம் மனசுக்குள்தான்.
வெளியே சொல்ல வாய் திறந்தேன்.
என் பையில் ஒரு படிவம்,
‘உள்ளூர்ச் சமூகத்தின் ஒப்புதல்’.
அந்தக் கட்டத்தில் அவர் கையெழுத்து,
கடைசி எழுத்தை இரண்டு முறை சுழித்து.
அவருக்கு ஒரு நாள் கூலியும்
இருபது லிட்டர் குடிநீரும்.
வாயை மூடிக்கொண்டு
ஐந்தாவது குப்பியை மூடினேன்.

ஆறாவதில் கரண்டி நழுவி விழுந்தது.
இரு, என்று அவர் மண்டியிட்டார்.
வெளுத்த முழங்கால் சேற்றைத் தொட்டது.
நான் ஏனோ மூச்சைப் பிடித்துக்கொண்டேன்.
ஒன்றும் நடக்கவில்லை.
தூரத்தில் சோடா ரயில் ஊதிற்று.
பூநாரைகள் தலையைக் கவிழ்த்துச்
சலித்துத் தின்றுகொண்டிருந்தன.

கரையேறுவதற்குள் ஜீன்ஸ் காய்ந்து விறைத்தது.
முழங்காலில் வெள்ளைப் பொருக்கு.
ஆடு ஒன்று வந்து அதை நக்கத் தொடங்கியது,
அவசரமில்லாமல், கண்ணை மூடி.
விரட்டக் கை ஓங்கினேன்.

‘விடு,’ என்றார் சிரோங்கா.
‘துவைக்கிற தண்ணீர் மிச்சம்.’