பாக்கி

பத்திரத்தில் எல்லை சொல்ல வேண்டும்.
வடக்கே கிழமேல் பொதுப்பாதை,
தெற்கே மனை எண் முப்பத்தெட்டு.
ஒத்தக்கடை பதிவு ஆபீசுக்கு எதிரே
மாடிப்படிக்குக் கீழே என் கம்ப்யூட்டர்.
பதினொரு வருசத்தில்
பாதி மதுரையை நான் டைப் அடித்திருப்பேன்.
இருப்பது வில்லாபுரத்தில், ஒத்திக்கு.
நாலு லட்சம், மூணு வருசக் கெடு.
அடுத்த தடவை ஆறு கேட்பார்கள்.

அப்பா சோணைமுத்து, ரிட்டையர்டு கண்டக்டர்.
எண்பத்தேழில் ஐயர்பங்களாவில் மூணு சென்ட்,
ஒன்பதாயிரம்.
டபுள் டூட்டி பார்த்துக் கட்டியது. பொய்யில்லை.
கெண்டைக்காலில் நரம்பு
பச்சைப் புழுவாகச் சுருண்டு நிற்கிறது,
ஞாயிறுதோறும் போய்த் தைலம் தேய்க்கிறவள் நான்.
அப்போதுதான் ஆரம்பிப்பார்:
"நாங்க ஓட்டல்ல கால் வச்சதில்ல.
போனுக்கே மாசம் முந்நூறு கட்டுறீங்க."
முந்நூறை மிச்சம் பிடித்தால்
அவர் தெருவில் ஒரு சென்ட் வாங்க
நானூற்றுப் பதினாறு வருசம்.
கணக்குப் போட்டுவிட்டு
இடது காலுக்கு நகர்ந்தேன்.

ரிங் ரோட்டுப் பக்கம் இன்னொரு மனை,
ரெண்டாயிரத்து நாலில் வாங்கிப் போட்டது.
சீமைக்கருவேலம், ஒரு கிழிந்த டயர், எல்லைக்கல் நாலு.
நான் ஒன்பதரைக்கு வந்து ஏழுக்குப் போகிறேன்.
அது எங்கேயும் போகவில்லை.
சும்மா கிடந்தே, வருசா வருசம்
என்னைவிட அதிகம் சம்பாதித்தது.

வைகாசியில் அதை விற்க வந்தார்,
என்னிடமே எழுத.
வாங்குகிறவர்கள் அந்தோணிராஜ், ஜெனிஃபா.
சாப்பாடு கொண்டுபோகும் கம்பெனிச் சட்டையோடு அவன்,
மத்தியான ஆர்டருக்குள் முடித்தாக வேண்டும்.
அவளுக்கு நைட் டூட்டி பார்த்த நர்ஸின் கண்.
வழிகாட்டி மதிப்பு ஏறியது
அவர்களுக்குத் தெரியவில்லை.
முத்திரைத்தாளுக்கு நாற்பதாயிரம் இடித்தது.
ஜெனிஃபா கழுத்தைத் தொட்டாள்.
ஏற்கெனவே விற்றாயிற்று என்பது
நினைவுக்கு வந்ததுபோல்
கையை எடுத்துக்கொண்டாள்.

"உழைச்சாச் சேரும் தம்பி.
அடுத்த முகூர்த்தத்துல பாப்போம்"
என்றார் அப்பா.
சொல்லும்போது கால் மாற்றி நின்றார். வலி.

நெரிசல் வண்டியில் சில்லறை இல்லாதபோது
டிக்கெட்டின் முதுகில் எழுதித் தருவார்,
'எறங்கும்போது வாங்கிக்கங்க.'
பாதிப்பேர் மறந்துபோய் இறங்கிவிடுவாங்க என்று
எங்களிடம் சிரித்துச் சொன்னதுண்டு.

விலை எழுதும் இடத்தில் கர்சர் துடித்தது.
நான் தலை நிமிரவில்லை.
"நாப்பது கொறச்சு அடிக்கவாப்பா?"

ஆபீசில் டோக்கன் நம்பர் கூப்பிட்டார்கள்,
வேறு யாருக்கோ.
அவர் கை இடது விலாவுக்குப் போயிற்று,
முப்பது வருசம் தோல்பை தொங்கிய இடத்துக்கு.
தடவியது.
அங்கேயே கொஞ்ச நேரம் இருந்தது.