ஏனையோர்

பதிவுப் படிவத்தில் இனம் என்ற கட்டம்.
நாலு பெயருக்குக் கீழே ஒரு சின்னக் கோடு: ஏனையோர்.
ஷெரில் பார்தலொட் என்றேன்.
லிகிதர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.
"பாலையூற்றா? அப்ப தமிழ்தானே பிள்ளை?"
தமிழ்தான் ஐயா, கனவும் அதில்தான்.
அப்பா ஏசுகிற மூன்று சொல் மட்டும் போர்த்துக்கீசம்.

கோணேசபுரியில் முதற்கிழமை
ஒருவரும் சொல்லாமலே கன்டீன் மேசைகள் பிரிந்துகொண்டன.
விசிறிக்குக் கீழே ஒரு கூட்டம்,
வாசலோரம் ஒன்று,
கை கழுவும் இடத்தருகே இன்னொன்று.
சோற்றுப் பார்சல் சுட, நடுவில் நின்றேன்.
"தங்கச்சி, நீங்க எந்தச் செட்?" என்றான் ஒரு சீனியர்.
பகிடியாகத்தான் கேட்டான் போல.

பட்ச் முழுவதற்கும் ஒரு வாட்ஸ்அப் இருந்தது.
அதில் நேரசூசியும் "ஓகே சேர்"உம் மட்டும்.
கதை நடந்தது வேறு மூன்றில்.
தமிழைக் கேட்டு யாழிசை சேர்த்தாள் ஒன்றில்.
பெயரைப் பார்த்து நீர்கொழும்புக்காரி என்றெண்ணி
சந்தமாலி சேர்த்தாள் மற்றதில்.
அறைக்காரி ருஸ்தா சேர்த்தது ஏனென்று தெரியாது.
"நீ ஒருத்தர்ர ஆளும் இல்லத்தானே" என்றாள்.

மூன்று குசினியிலும் நின்று
மற்ற இரண்டு வீட்டுக் கறியைப் பற்றியும் கேட்டேன்.
அவங்கட சத்தம், இவங்கட வாசம், அவளுகள்ர உடுப்பு.
சில பகிடிகள் நல்ல பகிடிகள்.
சிரித்தேன். அதையும் எழுதத்தான் வேண்டும்.

வைகாசி. கச்சான் தொடங்கியிருந்தது.
ஹொஸ்டல் வாசலில் எட்டுப் பக்க வெசாக் கூடு,
ஊதா டிஷ்யூ, ஈர்க்கில் போல மெலிந்த மூங்கில்.
இரவு பதினொன்றரைக்குச் சிக்னல் தேடி
தண்ணீர்த் தாங்கியடியில் நின்ற என் கண்முன்னே
கயிறு நழுவி, கூடு கடதாசிப்பூ முள்ளில் இழுபட்டு
நெடுக்காகக் கிழிந்தது.

பதினொன்று நாற்பது: கிழிச்சிட்டாங்க, சிங்களத்தில்.
நாற்பத்துமூன்று: எங்கட தலையிலதான் போடப் போறாங்கள்.
ஐம்பது, ருஸ்தாவின் கூட்டத்தில்:
கதவப் பூட்டுங்க. லைட்ட நிப்பாட்டுங்க.
வாப்பாக்கு கோல் எடுக்கவா?

காத்துதான், நான் பார்த்தனான் என்று அடித்தேன்.
மூன்றிலும். சிங்களத்தில் இரண்டு எழுத்துப் பிழை.
அதோடு நிறுத்தியிருக்கலாம்.
அவங்கள் உங்களச் சொல்லல்ல என்றும் அடித்தேன்.

"அங்க கதைக்கிறது உனக்கு எப்பிடித் தெரியும்?"
அதற்குப் பிறகு காற்றைப் பற்றி ஒருவரும் கேட்கவில்லை.
பன்னிரண்டுக்கு முன் சந்தமாலி நீக்கினாள்.
யாழிசை ஒரு நிமிடம் பிந்தி,
"சொறி" என்று தனியாக எழுதிவிட்டு.

மூன்றாவதிலிருந்து என்னை எடுக்கவில்லை.
அதில் ஒருவரும் கதைக்கவுமில்லை.
இருட்டில் ருஸ்தாவின் கட்டில் ஒருமுறை கிறீச்சிட்டது.
விடிய, கேட்காமலே
தன் பிளேன்ரீயில் பாதியை என் கோப்பையில் ஊற்றினாள்.
சீனி போட்டிருக்கவில்லை.

எட்டு மணி விரிவுரை.
வரவுத்தாளில் என் பெயர் பாத்திலோட் என்றிருந்தது.
ஒப்பமிட்டேன்.
கொளுக்கி போடாத யன்னல் ஒன்று
அடித்து அடித்துத் திறந்துகொண்டிருந்தது.
நூற்றிருபது பேர் இருந்தோம்.
போய்ப் பூட்ட ஒருவரும் எழும்பவில்லை,
நானும்.