பெயர்ச்சீட்டு இல்லாதவை

நகரத்துத் தோட்டக்கடையில்
தொட்டியில் நின்ற ஆப்பிள் கன்று
தொண்ணூற்றைந்து ஸ்வாட்டி.
கழுத்தில் ஒரு வண்ணப்படம் தொங்கியது.
படத்துப் பழத்தில் ஒரு புழுக்குத்துகூட இல்லை.

தொட்டிக்கு எவ்வளவு, மண்ணுக்கு எவ்வளவு,
படத்துக்கு எவ்வளவு என்று
வீடு வரும் வழியெல்லாம் பிரித்துப் பார்த்தேன்.
மரத்துக்கென மிஞ்சியது
பதினைந்தோ இருபதோ.

லூப்ளின் பேருந்து நிலையத்தில்
மூன்றாம் சாளரத்தில் பயணச்சீட்டு கொடுப்பவள் நான்.
சில்லறை எண்ணியே விரல்நுனி கறுத்தவள்.
தண்டவாளத்துக்கு அப்பால்
முன்னூறு சதுரமீட்டர் நிலம்
குத்தகைக்குக் கிடைத்தது.
முன்பிருந்தவர் விட்டுப்போனவை
துருப்பிடித்த கட்டில், வேலிநெடுகக் காஞ்சொறி,
பூட்டில்லாத ஒரு சாவி.
நிழலுக்கென்று ஒரு குச்சி இல்லை.

"இலை உதிரட்டும்" என்றாள் டொப்ரோஸ்வாவா,
நான்காம் சாளரத்துக்காரி.
"தூங்குகிற மரத்துக்கு விலை குறைவு."

நவம்பர் சனிக்கிழமைச் சந்தை.
முட்டைக்கோசு வண்டிகளுக்குப் பின்னால்
ஓல்கியெர்த்தின் வேன், கதவு திறந்தபடி.
உள்ளே ஈரச்சாக்கில் சுற்றிய கட்டுக்கட்டான குச்சிகள்.
தொட்டியில்லை, மண்ணில்லை, படமில்லை.
வேர்கள் மட்டும்
குளிரில் விறைத்த மீசைபோல.

சீட்டுக் கட்டியது இருபத்தெட்டு.
சீட்டுக் கிழிந்தது பன்னிரண்டு.
"இது என்ன மரம்?"
"தெரிந்தால் இருபத்தெட்டு கேட்டிருப்பேனே!"

நேர்மையான பதில்தான்.
ஆனாலும் உடனே வாங்கவில்லை.
ஒரு சூப் குடித்தேன்.
கையுறை விலை விசாரித்தேன், வாங்கவில்லை.
மூன்று மணிக்கு வெளிச்சம் சாயத் தொடங்கி
கூடாரங்கள் மடங்கும்வரை காத்திருந்தேன்.
கடைசிப் பேருந்துக்கு முந்தைய பத்து நிமிடத்தில்
மனிதர்கள் எதற்கும் ஒப்புக்கொள்வதை
தினமும் கண்ணாடிக்குள்ளிருந்து பார்க்கிறவள்.

நகத்தால் பட்டையைக் கீறினேன்.
அடியில் பச்சை. எடுத்துக்கொண்டேன்.
அடுத்தது பழுப்பு. திருப்பி வைத்தேன்.
ஒட்டுப்போட்ட முடிச்சைத் தடவிப் பார்த்தேன்,
வேரை முகர்ந்தேன்.
"கல்யாணத்துக்கா பார்க்கிறாய்?" என்றார்.
ஆறு குச்சி, ஐம்பது ஸ்வாட்டி.
பிறகு வேனின் மூலையிலிருந்து
கொக்கிபோல் வளைந்த ஒன்றை உருவி
கொசுறாகப் போட்டார்.
"பேரி. ஒட்டு பிடித்ததா என்று
என்னைக் கேட்காதே."

டிராலிபேருந்தில்
பழைய மெத்தையுறைக்குள் ஏழு மரம்.
ஒரு பையன் துடைப்பமா என்றான்.
தோப்பு என்றேன்.
அவன் அம்மா அவனைச் சற்றுத் தள்ளி உட்காரவைத்தாள்.

கைபேசி வெளிச்சத்தில் குழி தோண்டினேன்.
மறுநாள் உறைபனி என்று சொல்லியிருந்தார்கள்.
ஏழாவது குழிக்கு வருகையில் முதுகு விட்டுப்போனது.
கொசுறுக்கு அரைக்குழிதான் கிடைத்தது,
கட்டில் கிடந்த இடத்துக்குப் பக்கத்தில்.

பக்கத்து நிலத்துத் திருமதி ஷாஃப்ரான்ஸ்கா
வேலிமேல் கையூன்றிக் கேட்டாள்,
என்ன நட்டாய்?
மூன்று வசந்தம் அதே கேள்வி,
மூன்று வசந்தம் அதே தோள்குலுக்கல்.

ஒன்றை முதல் குளிரிலேயே முயல் உரித்துத் தின்றது.
ஒன்று எழவேயில்லை.
ஒன்றில் ஒட்டு செத்து அடிச்செடி முளைத்து
ஆள்பிடிக்கும் முள்ளாய் நின்றது, வெட்டினேன்.
ஒன்று பிளம்.
இரண்டு ஆப்பிள், ஒன்றின் பழம்
ஜனவரிவரை கல், பிறகு தேன்.

ஐந்தாம் ஆண்டு கொசுறு காய்த்தது.
பேரியல்ல.
ஒட்டுக் கிளை எப்போதோ கருகிவிட்டிருக்கிறது.
கீழே தாங்கிக்கொண்டிருந்த சீமைமாதுளை
தன் பாட்டுக்கு மரமாகியிருக்கிறது.
பஞ்சுபடிந்த மஞ்சள் காய், பதினொன்று.
பல் இறங்காது. கடித்தால் நாக்கு மடங்கும்.
வேகவைத்தால் சிவக்கிறது,
ஏன் என்று தெரியவில்லை.

பத்தைக் கூழாக்கினேன்.
ஒன்றைச் சாளரத்தில், சில்லறைத் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தேன்.
அறை முழுக்க மணம்.
வரிசையில் நின்றவர்கள்
ஊர்ப்பெயர் சொல்ல மறந்து
கண்ணாடி ஓட்டையருகே மூக்கை வைத்தார்கள்.
"எங்கே வாங்கினீர்கள்? என்ன விலை?"

வாங்கவில்லை என்றேன்.
நம்பாத ஒருவர்
மீதிச் சில்லறையை இரண்டு தடவை எண்ணினார்.